கொண்டல் கொண்டு வரும் மீன்

சிஸ்கோ என்று சொன்னால் நம் வீடுகளில் பாதிப் பேருக்கு ரௌட்டர்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கம்பெனிப் பெயர் சான் ஃபிரான்சிஸ்கோவின் வால் பகுதி. இன்று நான் எழுதப்போகும் சிஸ்கோ வேறு. அது ஒரு மீன். அதன் பெயர் பெரிய ஏரிகள் பக்கத்து ஓஜிப்வே மக்களின் மொழியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இந்த வகையின் முழுப்பெயர் ஆர்க்டிக் சிஸ்கோ.

ஹூஸ்டனிலும் எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் இருக்கும் நமக்கு வடதுருவப் பக்கத்து மீனோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. உங்களில் பலர் டிபேட் கிளப்பில் இருக்கிறீர்கள். அலாஸ்காவில் எண்ணெய் எடுக்கலாமா கூடாதா என்பது அங்கே அடிக்கடி வரும் தலைப்பு. இரண்டு பக்கமும் நாலு நிமிஷம் பேசும். ஒரு பக்கம் "அங்கே இருக்கிற பழங்குடி மக்களே வேண்டாம் என்கிறார்கள்" என்று சொல்லும். இன்னொரு பக்கம் "அங்கே இருக்கிற பழங்குடி மக்களுக்கே வேலை கிடைக்கிறது" என்று சொல்லும். இரண்டு பக்கத்துக்கும் அந்த ஊரின் பெயர் தெரியாது. அந்த ஊர் என்ன சாப்பிடுகிறது என்றும் தெரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரின் மீன் குறைந்தது என்றோ குறையவில்லை என்றோ சொல்ல வேண்டுமானால், குறைந்தபட்சம் அந்த மீன் வளரும் காலம் அளவுக்காவது எண்ணியிருக்க வேண்டும். எண்ணியவர்களில் அதைத் தின்பவர்களும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் அடித்துப் பேசுகிறவர் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அவசரப்பட்டு நம்பாதீர்கள். ஏன் என்பதற்கு இந்த மீனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நீந்தி வருவதில்லை, ஏறி வருகிறது

ஆர்க்டிக் சிஸ்கோ சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் சால்மன் மாதிரி ஆரஞ்சு நிறச் சதை கிடையாது. வெள்ளிச் செதில், வெள்ளைச் சதை, நல்ல கொழுப்பு. வலையில் பிடிபடும் அளவில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ரஷ்யாவின் வடக்கு ஆறுகளிலிருந்து கனடா வரை உண்டு. ரஷ்யர்கள் இதை ஓமுல் என்கிறார்கள். அலாஸ்காவின் வடகரையில் வாழும் இனுப்பியாட் மக்கள் காக்தக் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நானும் அப்படியே சொல்கிறேன். அதைச் சாப்பிடுகிறவர்கள் வைத்த பெயர் அது.

அலாஸ்காவின் வடக்கே கால்வில் என்று ஓர் ஆறு போஃபோர்ட் கடலில் கலக்கிறது. அதன் கழிமுகத்தில் காக்தக் ஏராளம். ஆனால் ரொம்ப நாளாக ஒரு புதிர் இருந்தது. இவ்வளவு மீன் இருக்கிறதே, முட்டையிடும் மீன் ஏன் ஒன்றுகூட இங்கே கிடைப்பதில்லை? 1983ல் சில உயிரியலாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். இந்த மீன் இங்கே பிறப்பதே இல்லை. கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, கனடாவின் மெக்கன்சி ஆற்றில் பிறக்கிறது. அப்போது பலருக்கு அது நம்பும்படி இல்லை. பின்னால் வந்த ஆண்டுகளின் மீன் கணக்கும் மரபணு ஆய்வுகளும் அதைத்தான் உறுதிப்படுத்தின.

நடப்பது இதுதான். மெக்கன்சியின் துணையாறுகளில் இலையுதிர் காலத்தில் தாய்மீன் முட்டையிடும். வசந்தத்தில் பனி உடைந்து வெள்ளம் வரும்போது, பொரிந்த குஞ்சுகளை அந்த வெள்ளம் கடலுக்கு அடித்துக்கொண்டு போகும். ஒரு விரல் நீளம்கூட வளராத குஞ்சு 600 கிலோமீட்டரைத் தானாக நீந்திக் கடக்க முடியாது. அதற்குக் காற்று வேண்டும். கோடையில் கிழக்கிலிருந்து காற்று வீசினால், கரையோரத் தண்ணீர் மேற்கே நகரும். குஞ்சும் அதோடு நகரும். ஆகஸ்ட், செப்டம்பரில் கால்வில் பக்கம் வந்து சேரும்.

கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்குத் தமிழில் தனிப்பெயர் உண்டு: கொண்டல். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல். நம் கடற்கரை மீனவர்கள் இன்றும் காற்றைத் திசைக்கொரு பெயர் வைத்துத்தான் பேசுகிறார்கள், ஏனென்றால் காற்றின் திசைதான் அன்றைய மீன். போஃபோர்ட் கடலிலும் அதே கதைதான். கொண்டல் நன்றாக வீசிய ஆண்டில் கால்விலுக்குக் குஞ்சுகள் நிறைய வரும். வீசாத ஆண்டில் ஏறக்குறைய வராது.

வந்த குஞ்சுக்குக் குளிர்காலத்தைத் தாண்ட இடம் வேண்டும். கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸ் வரை போய்த்தான் உறையும். அந்தக் குளிரில் இந்த மீன் பிழைக்காது. ஆற்றின் ஆழமான வாய்க்கால்களில், பனிக்கட்டிக்கு அடியில், பாதி உப்பு பாதி நன்னீராக இருக்கும் தண்ணீரில்தான் அது ஒதுங்கும். அப்படி ஒதுங்க கால்வில் அளவுக்கு இடம் கொடுக்கும் ஆறு அந்தக் கரையில் அபூர்வம். அங்கேயே ஏழெட்டு வருடம் வளர்ந்து, முட்டையிடும் வயது வந்ததும் மெக்கன்சிக்குத் திரும்பிப் போகும். இந்த முறை நிஜமாகவே நீந்தி.

அந்த ஊர்

கால்வில் கழிமுகத்தில் இருக்கும் ஊர் நுயிக்சுட். சுமார் 500 பேர். 1973ல் 27 குடும்பங்கள் பேரோ என்ற பெரிய ஊரிலிருந்து கிளம்பி, தங்கள் முன்னோர் வாழ்ந்த இந்த இடத்துக்குத் திரும்பி வந்து, முதலில் கூடாரம் போட்டுத் தங்கி உருவாக்கிய ஊர். அவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்ததற்கு மீனும் கரிபு மானும் முக்கியமான காரணங்கள்.

அக்டோபரில் ஆறு மேலே உறைந்ததும் வேலை தொடங்கும். பனியில் வரிசையாகத் துளை போட்டு, அடியில் கயிறு செலுத்தி, செவுள் வலையைத் தொங்கவிடுவார்கள். ஆற்றின் ஓட்டம் குறையக் குறைய, பனிக்கு அடியில் கடலின் உப்புநீர் மேலே ஏறும். அதோடு காக்தக்கும் ஏறும். நவம்பர் வரை வலை எடுப்பார்கள். மீனை வெளியே போட்டாலே உறைந்துவிடும். உறைந்த மீனை அப்படியே சீவி, சீல் எண்ணெயில் தொட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். சொந்தக்காரர்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் பங்கு போகும். கடையில் வாங்கும் உணவு விமானத்தில் வரும் ஊரில், மீன் நிறைந்த அக்டோபருக்கு என்ன மதிப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். வலையில் விழும் மீனில் பெரும்பங்கு ஐந்து முதல் ஏழு வயதானது. அப்படியானால் இந்த அக்டோபரில் வலை நிறைந்தால், அது ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் கொண்டல் நன்றாக வீசியதன் பலன். வலை காலியாக இருந்தால், அப்போதே காற்று ஏமாற்றியிருக்கலாம்.

கடலுக்குள் போட்ட சாலை

மெக்கன்சிக்கும் கால்விலுக்கும் நடுவில், குஞ்சுகள் வரும் அதே கரையில்தான் புரூடோ பே இருக்கிறது. 1968ல் அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று. கப்பலில் வரும் பெரிய இயந்திரங்களை இறக்குவதற்காக 1970களின் நடுவில் வெஸ்ட் டாக் என்று கடலுக்குள் சரளைக்கல் சாலை ஒன்று போட்டார்கள். பிறகு அதை இன்னும் நீட்டினார்கள். 1980களின் நடுவில் எண்டிகாட் என்ற இடத்தில், செயற்கைத் தீவுகளுக்குப் போக இன்னொரு நீளமான சாலை போட்டார்கள்.

ஒரு சரளைச் சாலை மீனை என்ன செய்யும்? கோடையில் அந்தக் கரையோரம் ஆற்றுநீர் கலந்து, கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் உப்புக் குறைவாகவும் ஒரு பட்டை மாதிரி ஓடும். மீன்கள் அந்தப் பட்டையை ஒட்டித்தான் பயணம் செய்யும். அதற்கு வெளியே தண்ணீர் குளிராகவும் உப்பாகவும் இருக்கும். கரையிலிருந்து குறுக்கே ஒரு சாலை நீண்டால், அந்தப் பட்டை உடைகிறது. சின்ன மீன் சாலையின் முனையைச் சுற்றிப் போக அந்தக் குளிர்ந்த நீருக்குள் நுழைய வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு லேனை மூடிவிட்டு, புல்வெளியில் இறங்கிச் சுற்றிப் போங்கள் என்று சொல்வது மாதிரி.

நுயிக்சுட் மக்கள் கவலைப்பட்டார்கள். அரசுத் துறை உயிரியலாளர்களில் பலரும் கவலைப்பட்டார்கள். கம்பெனிகள் தங்கள் செலவில் ஆய்வு செய்தன. வருடக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. சாலைகளில் மீன் போக இடைவெளிகள் வைக்கப்பட்டன. 1990களின் நடுவில் வெஸ்ட் டாக்கில் இன்னோர் இடைவெளியும் திறக்கப்பட்டது.

முடிவு என்ன ஆனது? டிபேட்டில் பேச வசதியான பதில் கிடையாது. சாலைகள் கரையோர நீரின் சூட்டையும் உப்பையும் மாற்றியது உண்மை. சாலைகள் வந்த பிறகும், கொண்டல் நன்றாக வீசிய ஆண்டுகளில் குஞ்சுகள் கால்விலுக்கு வந்து சேர்ந்ததும் உண்மை.

இந்த இரண்டாவது உண்மை நமக்கு எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு முக்கியம். நுயிக்சுட்டின் இலையுதிர்கால மீன்பிடிப்பை 1985 முதல் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஆண்டுதோறும் கணக்கெடுத்துவந்திருக்கிறார்கள். எத்தனை மீன் என்று மட்டும் எண்ணுவதில்லை. எத்தனை வலை, எத்தனை நீளம், எத்தனை நாள் தண்ணீரில் இருந்தது, கண்ணி அளவு என்ன, மீனின் நீளம் என்ன, வயது என்ன என்று எல்லாம் சேர்த்து. இது ஏன் தேவை? பத்து வலை போட்டு நூறு மீன் பிடிப்பதும் ஐம்பது வலை போட்டு நூறு மீன் பிடிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது ஊரில் மீன் குறைந்திருக்கிறது, ஆனால் மொத்தத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது. அந்தக் கணக்கு ஊர்க்காரர்கள் தங்கள் வலையைக் காட்டாமல் நடக்காது. எந்த வாய்க்காலில், எந்த வாரத்தில் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

தாமதமாக வரும் பதில்

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கம்பெனி 2024ல் அந்தக் கரையில் ஏதோ கட்டுகிறது. 2025 அக்டோபரில் வலை நிறைய மீன். கம்பெனியின் ஆள் மேடையேறி, "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். அவர் காட்டும் மீன் 2018லோ 2020லோ காற்றில் வந்த மீன். அந்தக் கட்டடத்தைக் குஞ்சாகத் தாண்டி வந்ததே இல்லை. அதே மாதிரி 2025ல் வலை காலி என்றால், எதிர்ப்பவர் "பாருங்கள், மீன் போய்விட்டது" என்பார். அந்தக் காலி வலைக்கு 2019ன் காற்று காரணமாக இருக்கலாம். 2024ல் அந்த வழியாக வந்த குஞ்சுகளின் கதை 2029லிருந்து 2031க்குள்தான் வலையில் தெரியும்.

இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். எல்லாத் தீங்கும் இப்படிக் காத்திருந்து வருவதில்லை. எண்ணெய் கொட்டினால், மீன் ஒதுங்கும் ஆழமான வாய்க்கால் கெட்டால், வளர்ந்த மீனே அந்த வருடமே அடிபடும். 2013ல் நுயிக்சுட் மக்கள் காக்தக்கின் உறவான இன்னொரு வெள்ளை மீனின் உடம்பில் பூஞ்சை மாதிரி படர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். பரிசோதனையில் அது சாப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூசணம் என்று தெரிந்தது. முதலில் பார்த்தது ஆய்வுக்கூடம் அல்ல. வலை எடுத்தவர்கள். எது புதுசு, எது வழக்கமானது என்று சொல்ல ஒருவர் பல வருடம் அதே இடத்தில் மீனைப் பார்த்திருக்க வேண்டும்.

என் வேலையில் இதற்கு ஒரு சின்ன ஒப்பீடு உண்டு. செலவு மிச்சம் என்று சர்வர் லாக்கை 90 நாளில் அழித்துவிடுவார்கள். ஒரு வருடத்துக்கு முன் விதைத்த தவறு இன்று வெடித்தால், எங்கே தொடங்கியது என்று காட்ட எதுவும் இருக்காது. கூட்டத்தில் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொல்வதுதான் காரணம் ஆகிவிடும். லாக் இருந்தால் சத்தம் குறையும். மீன் கணக்கும் அப்படித்தான்.

2000களின் தொடக்கத்தில் நுயிக்சுட்டில் பிடிப்பு மோசமானது. ஊர் கேள்வி எழுப்பியது. 2003ல் மத்திய அரசின் கனிம மேலாண்மைத் துறை அந்த ஊரிலேயே ஒரு கூட்டம் நடத்தியது. அதன் பிறகு பழைய தரவுகளையும் ஊரின் அனுபவமுள்ள மீனவர்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2007ல் அறிக்கை வந்தது. அது ஒற்றைக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கவில்லை. காற்று பெரிய காரணம், ஆனால் காற்று மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு அந்த அறிக்கையில் பிடித்தது அதன் முறை. வலை போடுகிறவரின் சொல்லை "மக்கள் கருத்து" என்று கடைசிப் பக்கத்தில் ஒட்டாமல், ஆதாரமாக எடுத்துக்கொண்டது.

நமக்கும் ஒரு மீன் இருந்தது

இது எங்கோ தூரத்து விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காகக் காவிரிக்கு வருகிறேன். அங்கேயும் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் பயணம் செய்யும் ஒரு மீன் இருந்தது. தமிழில் உல்லம். வங்காளிகள் உயிரை விடும் இலிஷ், ஹில்சா எல்லாம் அதுதான். ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக ஏறி வந்து முட்டையிடும். அணைக்கட்டுகள் அதன் வழியை மறிப்பது பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே பேச்சு உண்டு. ஃபிரான்சிஸ் டே 1873ல் வெளியிட்ட நன்னீர் மீன் அறிக்கையில் இந்தப் பிரச்சினை வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறை கொள்ளிடம் கீழணையில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கவும் முயன்றது.

1934ல் மேட்டூர் அணை முடிந்தது. வெள்ளத்தை அது பிடித்து வைத்தது. டெல்டா விவசாயத்துக்கு அதனால் கிடைத்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உல்லத்துக்கு "ஏறி வா" என்று சொன்னது அந்த வெள்ளம்தான். காவிரியில் உல்லப் பிடிப்பு ஏறக்குறைய இல்லாமலே போனது.

வார இறுதியில் ஊருக்கு வீடியோ கால் போடும்போது தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துத் தாத்தா பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். காவிரியில் உல்லம் பார்த்திருக்கிறீர்களா என்று. பார்த்தேன் என்று சொல்பவர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். மீன் போனது முதல் நஷ்டம். மீன் இருந்தது என்ற ஞாபகமே போனது இரண்டாவது நஷ்டம். இரண்டாவது வந்தபின் முதலாவதை யாரும் நஷ்டமாகவே எண்ண மாட்டார்கள். காவிரி என்றாலே நமக்குத் தண்ணீர்ச் சண்டை மட்டும்தான். அதில் மீன் ஒரு கட்சியாக இருந்ததே இல்லை.

நுயிக்சுட்டில் இன்னும் அந்த இரண்டாவது நஷ்டம் வரவில்லை. ஊர் இன்னும் வலை போடுகிறது, இன்னும் எண்ணுகிறது, மோசமான ஆண்டு வந்தால் இன்னும் கேட்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹூஸ்டன் சாலை

ஹூஸ்டனில் இருக்கும் வாசகர்களுக்கு இது இன்னும் நெருக்கம். நுயிக்சுட்டிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் ஆல்பைன் எண்ணெய் வயல் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே உற்பத்தி தொடங்கியது. அதை நடத்தும் கொனோகோபிலிப்ஸின் தலைமையகம் ஹூஸ்டனின் மேற்கே, எனர்ஜி காரிடாரில் இருக்கிறது. கேட்டியிலிருந்து நகருக்குள் போகும் நம் குடும்பங்கள் அதைத் தாண்டித்தான் போகின்றன. நம்மில் பலர் வீட்டுச் சம்பளம் நேராகவோ சுற்றியோ எண்ணெயிலிருந்து வருகிறது. அதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைக்கவும் தேவையில்லை.

அதே கம்பெனியின் வில்லோ திட்டத்துக்கு 2023 மார்ச் 13 அன்று மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அந்த மாதம் உங்களில் பலர் டிக்டாக்கில் "ஸ்டாப் வில்லோ" பார்த்திருப்பீர்கள். பகிர்ந்தும் இருப்பீர்கள். அதில் காக்தக் பற்றி ஒரு வீடியோவாவது பார்த்தீர்களா? நியாயமாகச் சொன்னால், வில்லோ கடற்கரையில் இல்லை. உள்நாட்டில் இருக்கிறது. குஞ்சு வரும் வழியில் குறுக்கே நிற்கவில்லை. அங்கே ஊரின் பெரிய கவலை கரிபு மான் பற்றியது. "வில்லோ வந்தால் எல்லா மீனும் சாகும்" என்று எழுதினால் நான் பொய் சொல்கிறேன். "மீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று எழுதினாலும் அவசரப்படுகிறேன், ஏனென்றால் சாலை, பாலம், குழாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் ஓர் ஆறு மாறும். கால்விலின் நிக்லிக் வாய்க்காலின் மேல் எண்ணெய் வயலுக்காகப் பாலம் கட்ட 2010ல் ராணுவப் பொறியாளர் துறை அனுமதி மறுத்தது. 2011 டிசம்பரில் அதே துறை அனுமதி கொடுத்தது. ஊர் காக்தக்குக்கு வலை போடும் வாய்க்கால் அது.

அந்த ஊரே ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெய் வரி அந்த வட்டாரத்தின் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. ஊரின் நில நிறுவனத்துக்கு வருமானம் வருகிறது. வில்லோவை எதிர்த்தவர்களில் அப்போதைய ஊர் மேயரும் உண்டு. ஆதரித்தவர்களில் அதே வடகரையின் இனுப்பியாட் நிறுவனங்களும் உண்டு. அவர்களை "பாவப்பட்ட பழங்குடிகள்" என்றோ "எண்ணெயால் முன்னேறியவர்கள்" என்றோ ஒரே வரியில் அடைப்பது மரியாதை இல்லை. நம்மை யாராவது "இந்த இந்தியர்கள்" என்று ஒரே வரியில் அடைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

வேர் கதை வேண்டாம்

ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் வளர்ந்து, கடைசியில் பிறந்த இடத்துக்கே திரும்பும் மீன் என்றதும், நம் சங்க விழா மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "குழந்தைகளே, மீனே வேரைத் தேடிப் போகிறது, நீங்கள் தமிழ்ப் பள்ளிக்குப் போகக் கூடாதா?" என்று கேட்பது என் காதில் விழுகிறது. தமிழ்ப் பள்ளிக்குப் போங்கள், நல்லது. ஆனால் அதற்கு இந்த மீனை இழுக்க வேண்டாம். அது முட்டையிடப் போகிறது, ஏக்கத்தில் போகவில்லை. எல்லாவற்றையும் நம்மைப் பற்றிய கதையாக மாற்றிக்கொண்டால், மீனைப் பற்றியும் அந்த ஊரைப் பற்றியும் நாம் எதுவும் கற்றுக்கொள்ள மாட்டோம்.

இந்த மீனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஓர் ஊரின் சாப்பாடு இன்னொரு நாட்டின் ஆற்றையும், ஆறு வருடத்துக்கு முந்தைய காற்றையும், நடுவில் இருக்கும் 600 கிலோமீட்டர் கரையையும் சார்ந்திருக்கிறது. இதில் எதையும் அந்த ஊர் மட்டும் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்கும் இடங்களில் சில நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கின்றன. நாளை உங்களில் சிலர் அங்கே வேலைக்குப் போவீர்கள். சிலர் அதை எதிர்க்கும் அமைப்புகளில் சேர்வீர்கள். எந்தப் பக்கம் போனாலும் மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

எத்தனை வருடம் எண்ணினீர்கள்? மீனின் வளர்ச்சிக்கு ஏழு வருடம் ஆகும்போது மூன்று வருட ஆய்வைக் காட்டினால், அது இன்னும் முடியாத ஆய்வு.

யார் எண்ணினார்கள்? வலை போடுகிறவர்கள் அதில் இல்லை என்றால், பாதிக் கணக்குதான் இருக்கிறது.

பணம் நின்றால் கணக்கு நிற்குமா? மீனை எண்ணும் செலவு எந்தப் பட்ஜெட்டிலும் முதலில் வெட்டப்படக்கூடியது. ஒரு வருடம் விட்டுப்போனால், அந்த வருடத்தை பிறகு எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. அதனால் அனுமதி கொடுக்கும்போதே, திட்டம் முடிந்து ஒரு மீன் தலைமுறை கழியும் வரை எண்ணுவதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். இதை எண்ணெய் ஆதரவாளரும் கேட்கலாம், எதிர்ப்பாளரும் கேட்கலாம். உண்மையைப் பற்றிப் பயம் இல்லாத இருவருமே கேட்க வேண்டும்.

இந்தக் கோடையில் மெக்கன்சியிலிருந்து கிளம்பும் குஞ்சுகள் நுயிக்சுட் வலைக்கு வரும்போது, இதைப் படிக்கும் எட்டாம் வகுப்பு வாசகர் காலேஜில் இருப்பார். அந்த அக்டோபரில் மீன் எப்படி என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். அப்போதும் யாராவது எண்ணி எழுதி வைத்திருந்தால், பதில் கிடைக்கும்.